ஆள் வந்தால் வயலினை மூடிவைக்கும் மகள்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. மூன்று வருடமாக வயலின் கற்றுக்கொள்கிறாள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது வேலையை விட்டுவிட்டு நின்று கேட்கத் தோன்றும். நான்கு மாதத்துக்கு முன்பு பள்ளி ஆண்டு விழாவில் வாசித்தாள். பாட்டு பாதியில் நின்றுவிட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறுபடி நின்றது. அழுதுகொண்டே மேடையை விட்டு இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறாள். கேட்டால், "கை நடுங்குது, எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க" என்கிறாள். இன்னும் ஆறு வாரத்தில் வயலின் வகுப்பின் நிகழ்ச்சி வருகிறது. "தண்ணீரில் தள்ளிவிட்டால் நீச்சல் தானாக வரும், மேடை ஏற்றுங்கள்" என்கிறார் டீச்சர். "குழந்தையைப் படுத்தாதே, விட்டுவிடு" என்கிறார் என் மாமியார். நான் யார் பேச்சைக் கேட்பது? அவளுக்கு இசை வராதோ, நான்தான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனோ என்று நினைத்து இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "முதலிலிருந்து ஆரம்பித்தாள், அதே இடத்தில் மறுபடி நின்றது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. பாதி பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன்னால், உங்களைத் தூங்கவிடாத கேள்வியை முடித்துவிடுவோம்.

மூன்று வருடம் பழகி, நீங்கள் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்கும்படி வாசிக்கிற குழந்தைக்கு இசை வந்துவிட்டது. இன்னும் வராதது, பிறர் பார்க்க வாசிப்பது. அது தனி வித்தை. வாசிப்பதற்கு அவளுக்கு மூன்று வருடம் பாடம் நடந்திருக்கிறது. பிறர் முன்னால் வாசிப்பதற்கு ஒரு நாள்கூடப் பாடம் நடக்காமல் நேராகத் தேர்வு நடந்திருக்கிறது. இதில் அவள் தப்பும் இல்லை, உங்கள் தப்பும் இல்லை. குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் இந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்த வகுப்புகள் பலவற்றில் இதுதான் வழக்கம். பாட்டைச் சொல்லிக்கொடுப்போம், மேடையைச் சொல்லிக்கொடுக்க மாட்டோம்.

பயத்தையும் திறமையையும் முடிச்சுப் போடவே வேண்டாம். பாப்லோ காசல்ஸ் என்ற செல்லோ மேதைக்குக் கச்சேரிக்கு முன் வரும் பயம் ஆயுள் முழுக்கப் போகவே இல்லை. 1901இல் ஒரு மலையேற்றத்தின்போது பாறை உருண்டு வந்து அவருடைய இடது கையை நசுக்கியது. அந்த நொடியில், "இனிமேல் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை" என்ற நிம்மதிதான் முதலில் மனதில் வந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கை குணமானது. அதற்குப் பிறகும் 90 வயதைத் தாண்டி வாசித்தார். உங்கள் மகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பயம் தனக்கு மட்டும் வந்த நோய் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

வயதையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து வயதில் பல குழந்தைகள் யார் முன்னாலும் பாடிவிடுவார்கள். ஏழெட்டு வயதில்தான் "மற்றவர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்" என்ற கணக்கு மனதில் ஓட ஆரம்பிக்கிறது, பக்கத்துப் பிள்ளையோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் வருகிறது. "சின்ன வயசில் நன்றாக வாசித்துக் காட்டுவாளே, இப்போது என்ன வந்தது" என்று யாராவது கேட்டால் வருத்தப்படாதீர்கள். வளர்ந்துகொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

சரி, இப்போது கை நடுக்கம். அவள் சொல்வது சாக்கு இல்லை, உண்மை. பயம் வந்தவுடன் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, வாய் உலர்கிறது, தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து விரல்கள் சில்லிட்டுப் போகின்றன, தசைகள் இறுகி நடுங்குகின்றன. ஓடவும் சண்டை போடவும் உதவுகிற ஏற்பாடு அது. வில்லை நீளமாக, மெதுவாக இழுக்க அது உதவாது. எல்லா வாத்தியத்தையும்விட வயலினில் இது அப்பட்டமாகத் தெரியும் என்பது என் அனுபவம். கீபோர்டில் விரல் லேசாக நடுங்கினாலும் சுரம் சுரமாகத்தான் கேட்கும். நீண்ட சுரத்தில் வில் நடுங்கினால் அது காதில் விழுந்துவிடும். தன் நடுக்கம் தன் காதிலேயே விழும்போது குழந்தை இன்னும் பயப்படுகிறாள், வில் இன்னும் நடுங்குகிறது.

இதற்குச் சில எளிய வழிகள் உண்டு. மேடைக்குப் போகும் முன் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைக்கட்டும், அல்லது கையுறை போட்டுக்கொண்டு காத்திருக்கட்டும். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, லேசாகத் தளர்த்தி நிற்க வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரம் நீளமாக இருக்கட்டும், நாலைந்து தடவை போதும். தொடங்கும் பாட்டு இழுத்து வாசிக்கும் சுரங்களில் ஆரம்பிக்காமல் கொஞ்சம் ஓட்டமான வில்வீச்சில் ஆரம்பிக்கட்டும். நடுங்குகிற சக்தி அந்த ஓட்டத்தில் செலவாகிவிடும்.

ஒரு வார்த்தையை மட்டும் வீட்டில் எல்லோரும் விட்டுவிட வேண்டும்: "பயப்படாதே." பயந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு அது செய்ய முடியாத கட்டளை. பயத்தோடு, பயப்படுகிறோமே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்நியர் முன்னால் பாட வேண்டியவர்களில் சிலரை "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்றும், சிலரை "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்றும் சொல்லிவிட்டுப் பாடச் சொன்னார். உற்சாகம் என்று சொன்னவர்கள் சுருதியும் தாளமும் கூடுதலாகச் சேரப் பாடினார்கள். அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு. ஆனால் குழந்தைகளிடமும் இது பலிப்பதை என் வகுப்பில் பார்க்கிறேன். படபடப்பும் உற்சாகமும் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான், பெயர்தான் வேறு. "நெஞ்சு அடிச்சுக்குதா? உடம்பு வாசிக்கத் தயாராகுது" என்று சொல்லிப் பாருங்கள். அடங்கு என்று சொல்வதைவிட அது அவளுக்கு எளிது.

இனி, நான் சொன்ன அந்த வரி. ஏன் அதே இடத்தில் நின்றது?

ஒரு பாட்டை நூறு தடவை வாசித்தால் விரல்கள் அதைச் சங்கிலி மாதிரி பிடித்துக்கொள்கின்றன. ஒரு கண்ணி அடுத்த கண்ணியை இழுத்துக்கொண்டு வரும். வீட்டில் இது அழகாக ஓடும், ஏனென்றால் அவள் அதைக் கவனிப்பதே இல்லை. மேடையில் தன்னைத்தானே கவனிக்கிறாள். "அடுத்து மூன்றாவது விரலா, இரண்டாவதா?" என்று ஒரு நொடி யோசிக்கிறாள். மாடிப்படி இறங்கும்போது காலை எங்கே வைக்கிறோம் என்று யோசித்தால் தடுமாறுவோமே, அதே மாதிரி. சங்கிலி அறுந்துவிடுகிறது. அறுந்த இடத்தில் பிடிக்க அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ஒரே வாசல் பாட்டின் முதல் வரி. முதலுக்குப் போனால், நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்க, பயந்தபடி அதே இடத்துக்கு வந்து சேர்வாள். அங்கே மறுபடி அறுந்தால், கையில் வேறு வழியே இல்லாமல் நிற்கிறாள். அப்படி நிற்கும் குழந்தை அழாமல் என்ன செய்யும்?

ஆகவே முதல் இரண்டு வாரம் ஆள் முன்னால் வாசிப்பதைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். பாட்டுக்குள் வாசல்கள் வையுங்கள். டீச்சரோடு உட்கார்ந்து, அந்தப் பாட்டில் ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். புது வரி தொடங்கும் இடம், மேலே ஏறும் இடம், திரும்ப வரும் இடம் என்று இயல்பான இடங்களாக இருக்கட்டும். அவற்றுக்கு உங்கள் மகளே பெயர் வைக்கட்டும். என் மாணவி ஒருத்தி ஓர் இடத்துக்குப் "பூனை தாவுற இடம்" என்று பெயர் வைத்தாள். அவளுக்கு இப்போது கல்லூரி வயது, அந்தப் பாட்டை வாசித்தால் இன்றும் அங்கே சிரிக்கிறாள். ஒவ்வோர் இடத்தின் எண்ணையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். தினமும் சீட்டை எடுக்க வேண்டும், வந்த எண்ணிலிருந்து வாசிக்க வேண்டும். முதல் நாட்களில் திணறுவாள். அந்தத் திணறலே அவள் இதுவரை அந்த இடங்களைத் தனியாக அறிந்திருக்கவில்லை என்பதற்கு அடையாளம். பத்து நாளில் எந்த வாசல் வழியாகவும் நுழைந்துவிடுவாள்.

அதன் பிறகு வயலினைத் தொடாமலும் ஒரு முறை. கண்ணை மூடிக்கொண்டு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை மனதுக்குள் ஓட்டச் சொல்லுங்கள், விரல்கள் மட்டும் காற்றில் அசையலாம். எங்கே மங்கலாகிறதோ அங்கேதான் மேடையில் அறுபடும். ஆண்டு விழாவில் நின்ற இடமும் பெரும்பாலும் அப்படி ஓர் இடமாகத்தான் இருக்கும். கேட்டுப் பாருங்கள். அவளே விரலை வைத்துக் காட்டுவாள்.

வாசல்கள் பழகியதும் விளையாட்டை மாற்றுங்கள். அவள் வாசிக்கும்போது நீங்கள் இருமுங்கள், கதவைச் சாத்துங்கள், ஒரு கரண்டியைக் கீழே போடுங்கள். அவளே வேண்டுமென்றே ஒரு சுரத்தைத் தப்பாக வாசித்துவிட்டுப் போகட்டும். விதி ஒன்றுதான்: நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது, அடுத்த வாசலுக்குப் போய்விட வேண்டும். தாளம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த விளையாட்டைக் குழந்தைகள் விரும்பி ஆடுவார்கள், தப்பு செய்ய அனுமதி கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரியும். தினசரிப் பயிற்சியில் நாம் தப்பு வந்தவுடன் நிறுத்தித் திருத்துகிறோம். அது தேவைதான். ஆனால் அதை மட்டுமே செய்யும் குழந்தைக்கு, தப்பு வந்தால் நிற்க வேண்டும் என்பதும் சேர்ந்தே பழகிவிடுகிறது. திருத்தும் பயிற்சி ஒரு நேரம், நிற்காமல் ஓடும் பயிற்சி ஒரு நேரம் என்று பிரித்துவிடுங்கள்.

விளாதிமிர் ஹோரோவிட்ஸ் என்ற பியானோ மேதை 1953இலிருந்து பன்னிரண்டு வருடம் மேடை ஏறவே இல்லை. 1965 மே மாதம் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் திரும்ப வந்தார். தொடங்கிய உடனேயே தப்பான சுரங்கள் விழுந்தன. அவர் நிறுத்தவில்லை. இசை வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் கச்சேரிகளில் ஒன்றாக அது ஆனது.

பாட்டுத் தேர்வு பற்றி டீச்சரிடம் நீங்கள் பேசியே ஆக வேண்டும். பெரும்பாலும் நிகழ்ச்சிக்குப் புதிய பாட்டை, அதுவும் குழந்தை இப்போதுதான் எட்டிப் பிடித்திருக்கும் கடினமான பாட்டைக் கொடுப்பார்கள். அவளுடைய வளர்ச்சியைக் காட்ட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஆள் முன்னால் செய்யும்போது நன்கு பழகியது இன்னும் நன்றாக வரும், பழகாதது இன்னும் மோசமாகப் போகும் என்று ராபர்ட் சையான்ஸ் என்ற உளவியலாளர் 1965இல் எழுதினார். 1969இல் அவர் குழுவினர் இதைக் கரப்பான்பூச்சிகளிடம்கூடச் சோதித்தார்கள். நேரான பாதையில், வேறு கரப்பான்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அவை வேகமாக ஓடின. வழி வளைந்து திரும்பும் பாதையில், பார்வையாளர்கள் இருந்தபோது கூடுதல் நேரம் எடுத்தன. உங்கள் மகளுக்கு இந்தச் சோதனை நிச்சயம் பிடிக்கும். இந்த நிகழ்ச்சிக்கு அவள் ஒரு வருடத்துக்கு முன்பே கற்று முடித்த, தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கக்கூடிய, அவளுக்கே பிடித்த பாட்டைக் கேளுங்கள். "இது சுலபமாச்சே" என்று டீச்சர் சொன்னால், சுலபமாக இருப்பதால்தான் கேட்கிறோம் என்று சொல்லுங்கள்.

இப்போது டீச்சரா, மாமியாரா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேருமே குழந்தை மேல் உள்ள அக்கறையில்தான் பேசுகிறார்கள். இருந்தாலும் இரண்டு வழியையும் நான் ஏற்க மாட்டேன்.

தண்ணீரில் தள்ளும் வழியை நானே ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். கற்றுக்கொடுக்க ஆரம்பித்த புதிதில், மேடைக்குப் பின்னால் கையைப் பிடித்துக்கொண்டு "வேண்டாம்" என்று கெஞ்சிய ஒரு சிறுமியைத் தோளைத் தொட்டு உள்ளே அனுப்பினேன். முழுவதும் வாசித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள், நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். அடுத்த மாதம் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இன்றும் அவள் முகம் எனக்கு நினைவிருக்கிறது. பயத்தின் உச்சியில் தள்ளப்பட்ட குழந்தை மேடையைப் பழகுவதில்லை. தன் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள் என்பதைத்தான் கற்றுக்கொள்கிறது.

மாமியார் சொல்வதுபோல முழுவதும் விட்டுவிட்டால் இப்போதைக்கு வீடு அமைதியாகும். ஆனால் ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் வயலினை மூடினால் மனது உடனே லேசாகிறது, மூடினால்தான் பாதுகாப்பு என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிடும். நான்கு மாதத்தில் அது மேடையிலிருந்து உங்கள் வீட்டு வரவேற்பறைவரை வந்துவிட்டதைப் பாருங்கள். அதனால் தள்ளவும் வேண்டாம், விடவும் வேண்டாம். ஆழமில்லாத இடத்தில் அவளோடு இறங்குங்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து அதைத் தொடங்கலாம். முதலில் கேட்பவர் யாரும் இல்லாமல் போனில் பதிவு செய்வது. "பதிவு ஓடுகிறது" என்ற எண்ணமே லேசான மேடை. அப்புறம் நீங்கள் அடுத்த அறையில், கதவு திறந்திருக்க. அப்புறம் அதே அறையில், ஆனால் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணி மடித்தபடி. பிறகு திரும்பி உட்கார்ந்து. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நாள் நில்லுங்கள். பயம் "இவ்வளவு" என்று அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டட்டும். கைகள் நெருங்கி வந்த பிறகுதான் அடுத்த படி. அடுத்து யார் கேட்கலாம் என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். இது எல்லாவற்றையும்விட முக்கியம். பாட்டியை அவள் தேர்ந்தெடுத்தால், மாமியாருக்கு இதில் அருமையான பங்கு கிடைக்கும். திருத்தம் சொல்லாத, வாய் திறந்து ரசிக்கிற ஒருவர்தான் முதல் ரசிகராக வேண்டும்.

அதற்கடுத்த படிக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது, அவளைவிடச் சின்னக் குழந்தைகள். ஐந்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, அவளை ஒரு பாட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வில்லை எப்படிப் பிடிப்பது என்றும் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அங்கே அவள்தான் பெரியவள், தெரிந்தவள். கவனம் தன் மேலிருந்து நகர்ந்து, கேட்பவர்கள் மேல் போய்விடும். மேடையில் நிம்மதியாக வாசிப்பவர்களிடம் நான் பார்ப்பது இதைத்தான். அவர்கள் தங்களைக் காட்டுவதற்காக நிற்பதில்லை, ஒரு பாட்டை மற்றவர்களிடம் கொடுப்பதற்காக நிற்கிறார்கள். இதை ஒன்பது வயதுக் குழந்தைக்கு விளக்கிச் சொல்ல முடியாது. இரண்டு சின்னப் பிள்ளைகளை எதிரே உட்காரவைத்தால் தானாகப் புரிந்துகொள்வாள்.

பதிவு செய்த வீடியோவை ஓரிரு முறை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். "எந்த இடத்தில் ரொம்ப நடுங்கின மாதிரி இருந்தது?" என்று பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பார்த்தால், அந்த இடத்தில் அனேகமாக எதுவும் தெரியாது. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் எல்லோருமே மிகையாக நினைக்கிறோம். தாமஸ் கிலோவிச்சும் அவர் சகாக்களும் 1998இல் இதை ஆய்வில் காட்டினார்கள். தன் கண்ணாலேயே பார்க்கும்போது, ஆயிரம் ஆறுதல் வார்த்தையைவிட அது வேலை செய்யும்.

உங்கள் பக்கம் சில விஷயங்கள் இருக்கின்றன. உறவினர் வந்து உட்கார்ந்ததும் "மாமாவுக்கு ஒன்று வாசித்துக் காட்டு" என்று திடீரென்று சொல்லும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றோடு நிறுத்துங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டால் அவளால் மறுக்கவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது. விருந்தினர் வருவதற்கு முன்பே தனியாகக் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் "சரி" என்று சொல்லி அதோடு விட்டுவிடுங்கள், முகத்தைச் சுருக்காமல். மறுக்க முடியும் என்று தெரிந்த குழந்தைக்கு ஒருநாள் சம்மதிக்கவும் தைரியம் வரும். விருந்தினர் கேட்டால், "இப்போது பழகிக்கொண்டிருக்கிறாள், அவளுக்குத் தோன்றும்போது வாசிப்பாள்" என்று நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள். அவள் வெட்கக்காரி, பயந்தாங்கொள்ளி என்று அவள் காதுபட யாரும் சொல்ல வேண்டாம். ஒட்டிக்கொண்ட பெயரை உதறுவது குழந்தைகளுக்குக் கஷ்டம்.

அவள் வாசிக்கும்போது உங்கள் முகத்தையும் கவனியுங்கள். சுரம் தப்பும் இடத்தில் பெற்றோரின் புருவம் சுருங்குவதைக் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் அரங்கில் எங்கே உட்கார வேண்டும் என்று அவளையே கேளுங்கள். சிலருக்கு அம்மா முன்வரிசையில் வேண்டும், சிலருக்குக் கண்ணில் படவே கூடாது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள். அவள் நிமிர்ந்து பார்க்கும்போது அங்கே ஒரு முகம் இருக்கட்டும். பதிவு வேண்டுமென்றால் பின்னால் இருந்து வேறு யாராவது எடுக்கட்டும்.

ஐந்தாவது வாரத்தில் டீச்சரிடம் இரண்டு உதவி கேளுங்கள். முதல் முறை தனியாக வாசிக்காமல், டீச்சரோ இன்னொரு மாணவியோ கூட நின்று சேர்ந்து வாசிக்க முடியுமா என்று. ஒரு பாட்டு முழுக்க இல்லாவிட்டாலும் முதல் இரண்டு வரி சேர்ந்து தொடங்கி, பிறகு அவள் தனியாகத் தொடரலாம். முதல் அரை நிமிடம்தான் பெரும்பாலும் கடினமானது, அதைத் தாண்டினால் கை தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். இரண்டாவது, நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் முன்கூட்டியே ஒரு தடவை நின்று வாசித்துப் பார்ப்பது. வீட்டு அறையில் கேட்கும் ஒலி வேறு, பெரிய அரங்கில் கேட்கும் ஒலி வேறு. அங்கே தன் வயலின் மெலிந்து, எங்கோ தூரத்தில் ஒலிப்பதுபோலத் தோன்றும். முன்பே கேட்டிராத குழந்தை அதில் மிரண்டு வில்லை அழுத்த ஆரம்பிப்பாள். ஏசி அரங்கில், தந்தியை முறுக்கி வைக்கும் கட்டை நழுவி தந்தியின் சுருதி இறங்கலாம், மேடைக்குப் போவதற்குச் சற்று முன்னால் யாராவது சுருதியைச் சரிபார்க்க வேண்டும். அன்றைக்குப் போடப்போகும் உடையிலேயே வீட்டில் ஒரு முறை வாசிக்கட்டும். தோள்பட்டையில் வழுக்குகிற துணி, வில்லில் மாட்டுகிற சட்டைக் கை என்று சின்னச் சின்னத் தொல்லைகள் அப்போதே தெரிந்துவிடும்.

நடந்து வருவது, நிற்பது, வணங்குவது, ஒரு மூச்சு விட்டு, முதல் வரியை மனதுக்குள் கேட்டுவிட்டு, அப்புறம் வில்லை வைப்பது. இதையும் ஒரு பாட்டைப் போலவே பயிற்சி செய்யுங்கள். முடிந்த பிறகு வணங்கிவிட்டு நடந்து போவதையும். எப்படி வாசித்திருந்தாலும் அதே வணக்கம், அதே நடை. ஆண்டு விழாவில் அவளுக்குக் கிடைக்காமல் போனது இந்த முடிவுதான்.

நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் திருத்தம் எதுவும் வேண்டாம். மறுநாள்கூட வேண்டாம். "சூப்பர், பிரமாதம்" என்ற பொதுவான பாராட்டும் தேவையில்லை, தப்பு நடந்தது அவளுக்குத் தெரிந்திருந்தால் அது பொய்யாகப்படும். நீங்கள் உண்மையாகக் கேட்ட ஒன்றைச் சொல்லுங்கள். "இரண்டாவது வரியில் சத்தத்தைக் குறைத்து வாசித்தாயே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது." நடுவில் தடுமாறியிருந்தால், "அங்கே விட்டதைப் பிடித்துக்கொண்டு போனாய், பார்த்தேன்." அதற்கு மேல் அவளாகப் பேசினால் கேளுங்கள்.

ஆறு வாரம் போதாமல் போகலாம். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு அவளையே முடிவெடுக்கவிடுங்கள். "வேண்டாம்" என்றால், அன்றைக்கு அவள் மேடையில் செய்யக்கூடிய வேறு ஒன்றைத் தேடுங்கள். மற்றவருக்கு இசைத்தாள் திருப்புவதோ, கூட்டு வாசிப்பில் பின்வரிசையில் நிற்பதோ ஏதாவது. மேடையின் வெளிச்சத்தில் நின்று பத்திரமாகத் திரும்பி வருவதும் ஒரு படிதான். கடைசி நிமிடத்தில் ஓடி ஒளிவதும் முன்கூட்டியே யோசித்து "இந்த முறை இவ்வளவு" என்று தீர்மானிப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்றும் கவனித்துக்கொள்ளுங்கள். பயம் வயலினோடு நிற்காமல், வகுப்பில் பதில் சொல்லவும் பேசவும்கூட முடியாமல் போனால், அடிக்கடி வயிற்று வலி, தூக்கமின்மை என்று வந்தால், பள்ளிக்குப் போகவே மறுத்தால், குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். அது என்னைப் போன்ற இசை ஆசிரியரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதற்கென்று நல்ல சிகிச்சை முறைகள் இருக்கின்றன. தொழில்முறைக் கலைஞர்கள் சிலர் நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து அது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. யார் சொன்னாலும் குழந்தைக்குக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

இன்று மாலை அவள் சாதகம் செய்து முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டில் எந்தெந்த இடங்களுக்குப் பெயர் வைக்கலாம் என்று கேளுங்கள். நிகழ்ச்சியைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெயர்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.